மைலோ டின்னில் மழை

வேலையில் நான் எடை போடுகிறேன்.
செம்பனைக் குலைகளோடு லோரி மேடையேறி நிற்கும்,
எண் விழும்.
கொட்டிவிட்டுக் காலியாகத் திரும்பும், மறுபடி ஓர் எண்.
கழித்தால் வருவது கம்பெனியின் காசு.
ரசீதைக் கிழித்து ஜன்னல் வழியே நீட்டுவேன்.
பதினாறு வருசம், சிலிம் ரிவர் மில்லில்.

வீட்டுக்கு வந்தால் மழையை அளப்பேன்.

ஏன் என்று கேட்காதீர்கள்.
என் வீட்டுக்காரர் ஞாயிறுதோறும்
விடிந்தும் விடியாமல் தூண்டிலோடு
பழைய ஈயக்குட்டைக்குப் போய்
வெயிலை மட்டும் பிடித்துக்கொண்டு வருகிறார்.
அவரை யாரும் கேட்டதில்லை.

பெரிய மைலோ டின்.
கூரைத் தண்ணீர் தெறிக்காத தூரத்தில்,
துணிக்கம்பிக்கு அப்பால் வைத்திருந்தேன்.
மகன் ஆறாம் வகுப்போடு மறந்துபோன ஸ்கேல்.
காலையில் பசியாறுவதற்கு முன்னே
குந்தி உட்கார்ந்து
கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்குவேன்.
இருபத்து மூன்று மில்லிமீட்டர்.
டைரியில் எழுதிவிட்டுத்
தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றுவேன்.
அந்த அரை நிமிசம்
யாருக்கும் ரசீது கிடையாது.

எதிர்வீட்டு ருத்ராபதி ஒருநாள்
வேலிக்கு மேலே எட்டி, "எவ்ளோ?" என்றார்.
"நாப்பத்தொண்ணு புள்ளி அஞ்சு."
முன்னால் ஒரு பூச்சியத்தைப் போட்டு
நாலு நம்பர் கடையில் கட்டியிருக்கிறார்.
புதன்கிழமை ரெண்டாம் பரிசு.
வரிசை வீடு முழுக்க ஆட்டுக்கறி மணத்தது.
எனக்கு ஒரு ரைஸ் குக்கர் வந்தது.

மறுநாள் ஆறு மணிக்கே வேலியில் ஏழு பேர்.
கோழிக்கடை ஆ லெங், மோட்டாரை நிறுத்தாமலே,
"பெராப்பா, காக்?"
லோரிக்கார மொக்தார், வாயில் பல்துலக்கியோடு.
கோயில் பண்டாரம்கூட,
தற்செயலாக அந்தப் பக்கம் நடந்து வந்ததுபோல.

ஜூலையில் பதினோரு நாள் துளி இல்லை.
பூச்சியம் என்றேன்.
நானே எங்கோ ஒளித்து வைத்ததுபோல் பார்த்தார்கள்.
ஆ லெங் மட்டும்
நாலு பூச்சியத்துக்கும் ரெண்டு வெள்ளி கட்டினான்.
டின்னைக் கோயில் வாசலில் வைத்துவிடலாமே,
பொதுவாக இருக்கும் என்றார் ருத்ராபதி.

பன்னிரண்டாம் நாள்
ராத்திரி முழுக்க நட்சத்திரம்.
விடிந்தால் டின்னில் அறுபத்திரண்டு மில்லிமீட்டர்.
மோந்து பார்த்தேன்.
குழாய்த் தண்ணீர். குளோரின்.

அன்றைக்குத்தான் பொய் சொல்ல ஆரம்பித்தேன்.

முன்வாசல் டின் இப்போது அவர்களுக்கு.
என் செருப்பு அளவைச் சொல்வேன்,
ஈப்போ போகும் பஸ்ஸின் நம்பரைச் சொல்வேன்,
மாமியார் செத்த தேதியில் ஒரு புள்ளி வைப்பேன்.
அதிலொன்று ஆறுதல் பரிசு அடித்துத் தொலைத்தது.
என்ன செய்ய.
பண்டாரம் அர்ச்சனைத் தட்டில்
எனக்கென்று ஒரு வாழைப்பழம் கூடுதலாக வைக்கிறார்.

நிஜ டின் மில்லில் இருக்கிறது.
எடைமேடைக்குப் பின்னால்,
போர்மன் கால் வைக்காத லாலான் புல்லுக்குள்.
எழுதுவது கெட்டுப்போன ரசீதுகளின் முதுகில்.
கம்பெனிக் காகிதம்தான்; தெரியும்.

நேற்று ராத்திரி பெய்ததை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.
தகரத்தில் பேசமுடியாத மழை.
வீட்டுக்காரர் தூண்டில் பெட்டியைக் கட்டிலுக்கு மேலே தூக்கினார்.
எனக்கோ தூக்கமே இல்லை;
ஒரு டின் இருட்டில் நிறைவதை நினைத்துக்கொண்டே
படுத்திருந்தேன், கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி
இவ்வளவு விழித்ததில்லை.

காலையில் எடுத்த எண்ணைச் சொல்லமாட்டேன்.
நீங்களும் போய்க் கட்டிவிடுவீர்கள்.

மேடையில் முதல் லோரி ஹாரன் அடித்தது.
மொக்தார்தான்.
அடிக்கட்டும்.
நீர்மட்டம் இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்கிறது,
இன்னும் கொஞ்சம் குனிய வேண்டும்.